80.3 டிகிரியில் நின்ற முள்: மண்டபம் கரையில் ஓர் ஆல்கஹால் மீட்புக் கலன் – நிகழ்வு ஆய்வு

வடிகலத்தின் தலையில் இருந்த தெர்மாமீட்டர் 80.3 டிகிரி காட்டியது. கலனுக்குள் இருந்தவை இரண்டே பொருள்கள்: 82.3 டிகிரியில் கொதிக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர். இரண்டும் கலந்தால் இடைப்பட்ட ஏதோ ஒரு சூட்டில்தானே கொதிக்க வேண்டும்? இரண்டுக்கும் கீழே எப்படி இறங்கும்? "தெர்மாமீட்டர் போயிருச்சு சார்" என்றார் கலனைப் பார்த்துக்கொண்டவர். புதிது வாங்கி மாட்டினார்கள். அதுவும் 80.3 காட்டியது.

இங்கே பேசப்படும் பட்டறை எந்தத் தனி நிறுவனமும் அல்ல. பாசியிலிருந்து காரஜீனன் (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்) எடுக்கும் வேலையில் ஆல்கஹாலை மீட்கும்போது வரக்கூடிய தவறுகளை ஒரே கூரையின் கீழ் காட்ட, அளவுகளை முழு எண்களாக வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. வேதியியல் எண்கள் மட்டும் உண்மையானவை.

பாசியிலிருந்து கலன் வரை

மண்டபம், வேதாளை, முனைக்காடு, பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசியைக் கரையில் இன்னும் 'பெப்சி பாசி' என்றே சொல்பவர்கள் உண்டு. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மிதவை, ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. காய்ந்த பாசியை அலசி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்தில் வேகவைத்து, மறுபடி அலசி, வெந்நீரில் கரைத்து, சூடு ஆறுமுன் வடிகட்டினால் 2 சதவீதம் அளவுக்குக் காரஜீனன் கரைந்த சாறு கிடைக்கும். சூடு ஆறினால் அது கூழாக உறைந்து வடிகட்டித் துணியை அடைத்துக்கொள்ளும்.

அந்தச் சாற்றை ஆல்கஹாலில் ஊற்றினால் காரஜீனன் நார்நாராகத் திரியும். நாரைப் பிழிந்து, கழுவி, உலர்த்தி அரைத்தால் சரக்கு. கப்பா வகைக்குப் பொட்டாசியம் குளோரைடில் உறையவைத்துப் பிழிகிற முறையும் இருக்கிறது. அதற்கு ஆல்கஹாலே வேண்டாம். இந்தப் பட்டறை ஏன் ஆல்கஹால் வழியை எடுத்தது என்று கேட்பது நியாயம்தான். நார் சுத்தமாக வரும், பிழிவதற்குப் பெரிய அழுத்த இயந்திரம் வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு தடவைக்கான கணக்கு இப்படி: சாறு 500 கிலோ, அதில் காரஜீனன் 10 கிலோ. அதற்கு 85 சதவீத (எடைப்படி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐ.பி.ஏ., 820 கிலோ. அதாவது ஆல்கஹால் மட்டும் 697 கிலோ. நார் திரிந்தபின் மிஞ்சும் கழிவு நீர் ஏறத்தாழ 1,310 கிலோ, அதில் ஐ.பி.ஏ. 53 சதவீதம். இதைத்தான் வடிகலத்தில் ஏற்றி ஆல்கஹாலை மீட்க வேண்டும்.

ஒரு கிலோ காரஜீனனுக்கு 70 கிலோ ஆல்கஹால் உள்ளே போய் வெளியே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெறும் 2 சதவீதம் காணாமல் போனாலும் ஒரு கிலோ சரக்குக்கு 1.4 கிலோ ஆல்கஹால் போயிற்று. ஆகவே மீட்பு சரியாக இல்லாவிட்டால் பட்டறையே நிற்காது.

பட்டறையின் புகார்கள்

புகார் மூன்று. வடித்த ஆல்கஹால் 91 சதவீதத்துக்கு மேல் ஏறவே இல்லை; 98 வேண்டும் என்று தலைக்குழாயை உயர்த்தி, ரீபிளக்ஸை (வடிந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் குழாய்க்குள் விடுவதை) அதிகமாக்கி, ஆவிப் பாய்லரை இரவு முழுக்க ஓட்டியும் பயனில்லை. இரண்டாவது, கணக்கில் இருக்க வேண்டிய ஆல்கஹால் மாதம்தோறும் குறைந்தது. ஆவியைக் குளிர்வித்து நீர்மமாக்கும் கண்டென்சரின் காற்றுக்குழாய் வழியாகப் போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். மூன்றாவது, கழுவிய நீர் ஓடும் வாய்க்காலில் ஒரு நாள் கிரைண்டர் பொறி பட்டு நீல நெருப்பு ஓடி அணைந்தது. "அது வெறும் கழுவின தண்ணிதானே" என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

பார்க்க மூன்றும் தனித்தனி. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒரே கணக்குத் தாள். அதில் ஆவியழுத்தம் முழுவதும் ரௌல்ட் விதிப்படி போட்டிருந்தது.

நேர்கோடு எங்கே பொய்யாகிறது

பிரான்சின் கிரனோபிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ரௌல்ட் 1880-களில் சொன்னது எளிது: கலவைக்கு மேலே ஒவ்வொரு பொருளும் தரும் ஆவியழுத்தம், அது தனியாக இருந்தால் தரும் அழுத்தத்தை அதன் மோல் பின்னத்தால் (மூலக்கூறு எண்ணிக்கையில் அதன் பங்கால்) பெருக்கினால் வரும். வள்ளத்தில் பங்கு பிரிப்பது போல. எத்தனை பங்கோ அத்தனை கூலி. பென்சீனும் டொலுயீனும் இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய அப்படியே கட்டுப்படும். இரண்டும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். ஒன்றின் பக்கத்தில் மற்றொன்று நின்றாலும் பிடிமானம் மாறாது.

ஐ.பி.ஏ.வும் தண்ணீரும் அப்படி இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்து வலைபோல் நிற்பவை. ஐ.பி.ஏ.வுக்கு ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும் ஹைட்ராக்சில் தலை. மறுபக்கம் தண்ணீர் ஒட்டாத கார்பன் வால். வால் புகுந்த இடத்தில் பிடிமானம் தளர்கிறது. தளர்ந்தால் இரண்டுமே எளிதாக ஆவியாக வெளியேறும். பாடநூல் இதை நேர்க்குறி விலகல் என்கிறது. அசிட்டோனும் குளோரோஃபார்மும் இதற்கு எதிர்ப்பக்கம்: ஒன்றையொன்று கூடுதலாகப் பிடித்துக்கொள்வதால் அழுத்தம் கணக்கைவிடக் குறையும், கொதிநிலை இரண்டையும்விட மேலே போகும்.

விலகல் எவ்வளவு என்பதைப் பட்டறையிலேயே கண்டுபிடிக்கலாம். 80.3 டிகிரியில் தூய ஐ.பி.ஏ.வின் ஆவியழுத்தம் சுமார் 702 மி.மீ. பாதரசம்; தண்ணீரினுடையது சுமார் 360. இந்த சூட்டில் வடிந்து வரும் கலவையில் ஐ.பி.ஏ. எடைப்படி 87.7 சதவீதம், மோல் பின்னத்தில் 0.68. ரௌல்ட் கணக்கில் மொத்த அழுத்தம் 702-ஐ 0.68-ஆலும் 360-ஐ 0.32-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 592 மி.மீ. 592 மி.மீ.யில் எதுவும் கொதிக்காது. கடற்கரையில் 760 வேண்டும். ஆனால் கலவை கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் குறை கணக்கில்தான் இருக்கிறது.

தெர்மாமீட்டரைச் சோதிக்க இந்தக் கரைக்கு ஒரு வசதி உண்டு. கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல தண்ணீர் கொதிக்கும்போது 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். புத்தக எண்ணுக்குத் திருத்தம் அதிகம் வேண்டாம். கிணற்று நீரில் உப்பு இருப்பதால் அதில் சோதிக்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் வைத்தபோது இரண்டு தெர்மாமீட்டரும் 100 காட்டின. தூக்கிப் போட்டது நல்ல கருவி.

இந்த இடத்தில் ஒரு கணக்கு வழி பயன்படும். 87.7 சதவீதத்தில் நீர்மத்தின் அளவும் ஆவியின் அளவும் ஒன்றே. ஆவியழுத்தம் உச்சம் தொடும் இடத்தில் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதை ரஷ்ய வேதியியலாளர் கொனவாலோவ் 1881-இல் காட்டினார். அப்படி இருப்பதால், ஒவ்வொரு பொருளும் ரௌல்ட் கணக்கைவிட எத்தனை மடங்கு தருகிறது என்பது மொத்த அழுத்தத்தை அதன் தனி அழுத்தத்தால் வகுத்தாலே வந்துவிடும். ஐ.பி.ஏ.வுக்கு 760-ஐ 702-ஆல் வகுத்தால் 1.08. தண்ணீருக்கு 760-ஐ 360-ஆல் வகுத்தால் 2.11. இந்த மடங்கைத்தான் செயல்பாட்டுக் கெழு என்கிறோம். இந்த இரண்டு எண்ணை வான் லார் சமன்பாட்டில் வைத்தால் அதன் இரு மாறிலிகள் 2.34, 1.12 என்று வரும். அவற்றைக் கொண்டு எந்த விகிதத்துக்கும் கெழுவைக் கணக்கிடலாம். கீழே வரும் எண்கள் இவ்வழியில் போட்டவை; கொதிநிலைக் கலவைகளுக்கு நன்றாகப் பொருந்தும், அறை வெப்பநிலைக்கு ஐந்து பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். பட்டறை முடிவுகளுக்கு இது போதும்.

91 என்ற பொய் எண்

கலன்காரர் '91' என்று சொன்னது எங்கிருந்து வந்தது? இரண்டு தனித்தனித் தவறுகள், தற்செயலாக ஒரே எண்ணில் போய் நின்றன.

ஒன்று, எடைக்கும் கொள்ளளவுக்கும் உள்ள குழப்பம். எடைப்படி 87.7 சதவீதம் என்பதே கொள்ளளவுப்படி 91 சதவீதம். டிரம்மில் வரும் சரக்கின் தாளில் ஒரு அளவு, பட்டறைக் கணக்கில் மற்றொரு அளவு. இரண்டும் 'சதவீதம்' என்றே எழுதப்பட்டிருந்தன.

மற்றொன்று, அடர்த்தியை வைத்து ஆல்கஹால் சதவீதம் சொல்லும் மிதவைமானி. அது 20 டிகிரிக்கு அளவிட்டது. 20 டிகிரியில் 87.7 சதவீதக் கலவையின் அடர்த்தி 0.816-ஐ ஒட்டி இருக்கும். கலனிலிருந்து வந்த ஆல்கஹாலை 32 டிகிரியில் அளந்தார்கள். ஒரு டிகிரி ஏறினால் அடர்த்தி 0.0008 முதல் 0.0009 வரை குறையும். 12 டிகிரிக்கு 0.010. இந்த வீச்சில் அடர்த்தி 0.0025 குறைந்தால் ஒரு சதவீதம் கூடியதாக மானி சொல்லும். அதாவது சூட்டினால் மட்டும் நான்கு சதவீதம் பொய்யாக ஏறும்: 87.7 இருக்கும் இடத்தில் 91, 92 காட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் பொய் இன்னும் பெரிது. 'கோடையில் கலன் நல்லா ஓடுது' என்ற பேச்சு இப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சரியான வழி: அடர்த்திப் புட்டியில் எடுத்து, புட்டியை ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, நிரம்பியதைத் துடைத்து எடைபோடுவது. ஐந்து நிமிட வேலை. அவ்வளவு முடியாவிட்டால் அளந்த வெப்பநிலையையாவது அளவோடு சேர்த்து எழுத வேண்டும்.

தெர்மாமீட்டரைக் கொண்டே அடர்வைச் சொல்லிவிடலாமே என்றால், முடியாது. ஐ.பி.ஏ. 80 சதவீதத்தில் கொதிநிலை சுமார் 80.5, 87.7-இல் 80.3, 91-இல் 80.4. இந்த இடத்தில் வளைகோடு தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. காற்றழுத்தம் 10 மி.மீ. இறங்கினாலே கொதிநிலை 0.3 டிகிரி குறையும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வரும் நாளில் தலைமுள் காட்டும் மாற்றம் ஆல்கஹாலால் வந்தது அல்ல, வானத்தால் வந்தது.

ஏன் தட்டு கூட்டியும் ஏறவில்லை

53 சதவீதக் கழிவு நீர் கலனில் 81.6 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் முதல் ஆவியிலேயே ஐ.பி.ஏ. 80 சதவீதம். குழாயும், ஆவியைப் படிப்படியாகச் செறிவாக்கும் தட்டும் இல்லாத வெறும் பானையே இந்த வேலையைச் செய்துவிடும். அந்த 80-ஐ மறுபடி கொதிக்கவைத்தால் ஆவி 84. அதை மறுபடி: 86. அடுத்தது 86.7. அதற்கடுத்தது 87-ஐச் சற்றே தாண்டும். ஒவ்வொரு படியிலும் கிடைப்பது 27, 4, 2, முக்கால், அரைக்கும் கீழே. எத்தனை தட்டு வைத்தாலும் 87.7-ஐ நெருங்கலாம், தாண்ட முடியாது. இதுவும் ரீபிளக்ஸ் முழுவதையும் திருப்பிவிட்டு, ஒரு சொட்டும் வெளியே எடுக்காதபோது கிடைக்கும் கணக்கு. எடுக்கத் தொடங்கினால் இன்னும் குறையும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. கண்ணாடி வடிகலத்தில் 95 சதவீத ஐ.பி.ஏ. அரை லிட்டர் எடுத்து, முதலில் வரும் 50 மில்லியை அளந்து பாருங்கள். உள்ளே வைத்ததைவிட அதில் தண்ணீர் அதிகமாக இருக்கும். 87.7-க்கு மேலே போனால் தண்ணீர்தான் எளிதில் ஆவியாகும் பொருள். ஆல்கஹால் பானையிலேயே தங்கும். மலையின் மறுபக்கம் இறங்குவது போல எல்லாம் தலைகீழ். இப்படிப்பட்ட கலவைக்கு 'அசியோட்ரோப்' என்ற பெயர் 1911-இல் வந்தது. தமிழ்ப் பாடநூலில் கொதிநிலை மாறாக் கலவை. பெயர் வந்தது பின்னால்தான்; வடிப்பவர்களுக்கு இந்தச் சுவர் முன்பே தெரியும்.

வெற்றிடத்தில் வடித்தால் சுவர் நகருமா என்ற யோசனையும் வந்தது. சில கலவைகளில் நகரும். ஐ.பி.ஏ.–தண்ணீரில் அழுத்தத்தைக் குறைத்தாலும் அந்த விகிதம் அசையாத அளவுக்கே இருக்கும். அந்தப் பாதை மூடியது. பிற வழிகள்: சைக்ளோஹெக்சேன் போன்ற மூன்றாவது நீர்மத்தைச் சேர்த்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போகவைப்பது (சிறிய பட்டறைக்கு வேண்டாத தலைவலி, மீதம் சரக்கில் ஒட்டும்), 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள மூலக்கூறு சல்லடையில் ஆவியைச் செலுத்துவது (தண்ணீர் துளைக்குள் போகும், ஐ.பி.ஏ. போகாது, வேலை செய்யும், ஆனால் சல்லடையைச் சூடாக்கி மீட்க வேண்டும்). மூன்றாவது ஒன்று இந்தக் கரைக்கே உரியது போலத் தோன்றும்: உப்பு. எத்தனாலைப் போல அல்லாமல், ஐ.பி.ஏ. கலந்த தண்ணீரில் சாதாரண உப்பை நிறைய கரைத்தால் ஆல்கஹால் மேலே தனி அடுக்காகப் பிரியும். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருக்கும்போது இது மலிவான வழியாகத் தெரிகிறது. பிரச்சினை, மேலடுக்கிலும் கொஞ்சம் உப்பு தங்கும். குளோரைடு சூட்டோடு சேர்ந்தால் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் ஊசித்துளை விழும். அந்த வழி இந்தப் பட்டறைக்கு வேண்டாம் என்றே சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை: 98 எதற்கு? நாரைத் திரிக்க 85 போதும். 84-இலிருந்து 87-க்கு ஏற இரவெல்லாம் எரித்த விறகு, பயன்படாத இரண்டு மூன்று சதவீதத்துக்காக எரிந்தது.

நீல நெருப்பு

நாரைக் கழுவிய இரண்டாம் நீரில் ஐ.பி.ஏ. எடைப்படி 20 சதவீதம் இருந்தது. மோல் பின்னத்தில் பார்த்தால் 0.07 மட்டுமே, நூறு மூலக்கூறில் ஏழு. 32 டிகிரியில் தூய ஐ.பி.ஏ.வின் ஆவியழுத்தம் 68 மி.மீ. ரௌல்ட் கணக்கில் 4.8 மி.மீ., காற்றில் 0.6 சதவீதம். ஐ.பி.ஏ. ஆவி தீப்பிடிக்கக் காற்றில் குறைந்தது 2 சதவீதம் வேண்டும். ஆகவே 'பாதுகாப்பு' என்று தாள் சொன்னது.

உண்மையில் இந்த நீர்த்த நிலையில் கெழு 5.5-ஐ ஒட்டி இருக்கிறது. ஆல்கஹால் எவ்வளவு குறைவோ, தண்ணீர் அதை அவ்வளவு வேகமாக வெளியே தள்ளும். உண்மை அழுத்தம் 27 மி.மீ.; காற்றில் 3.5 சதவீதம். தீ எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறது. வாய்க்காலின் மேல் அசையாத காற்று, மதியச் சூடு, பத்தடி தள்ளி கிரைண்டர்.

நார் திரிக்கும் தொட்டியில் நிலைமை இன்னும் விசித்திரம். 53 சதவீதக் கலவையின் மேலே ஐ.பி.ஏ. மட்டும் 39 மி.மீ.; ரௌல்ட் கணக்கு 17 என்றது. தண்ணீரையும் சேர்த்தால் மொத்தம் 70-ஐ ஒட்டி வருகிறது. எடையில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே ஐ.பி.ஏ. உள்ள கலவை தூய ஐ.பி.ஏ. தரும் 68-க்குச் சமமாக ஆவியைத் தருகிறது. ஐ.பி.ஏ. ஆவி காற்றைவிட இரு மடங்கு கனம். தரையோடு ஓடி வாய்க்காலிலும் பள்ளத்திலும் தங்கும். மூடியில்லாத தொட்டியில் ஆனி, ஆடிக் கச்சான் காற்று அடிக்கும்போது மேலே நின்ற ஆவி உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போகப்படும். தொட்டி மேலும் மேலும் தரும்.

ஆல்கஹால் எங்கே போனது

எல்லோரும் சந்தேகப்பட்ட காற்றுக்குழாயிலிருந்து தொடங்கினோம். கண்டென்சர் 35 டிகிரிக்குக் குளிர்ந்தால், வெளியேறும் ஒவ்வொரு கனமீட்டர் காற்றும் 190 கிராம் ஐ.பி.ஏ.வை எடுத்துச் செல்லும். கிணற்று உப்புநீரில் படிமம் படர்ந்து 45 டிகிரிக்குத்தான் குளிர்கிறதென்றால் 310 கிராம். படிமத்தைச் சுரண்டியே ஆக வேண்டும், சரி. ஆனால் 1,310 கிலோ கழிவு நீரைக் கலனில் நிரப்பும்போது வெளியேறும் காற்று ஒன்றரை கனமீட்டருக்குள். அரை கிலோகூடத் தேறாது. தொட்டியிலும் கிலோக்கணக்கில் மட்டும். மாதக் குறைவோடு இது எட்டாது.

பெரிய ஓட்டை நாரில் இருந்தது. 10 கிலோ காரஜீனன் நார் கையால் பிழிந்தபின் 35 கிலோ நீர்மத்தைப் பிடித்துவைத்திருந்தது. கடைசிக் கழுவலை அவர்கள் வலுவான ஆல்கஹாலால் செய்ததால் அதில் 25 கிலோ ஐ.பி.ஏ. அந்த நாரை விரித்து உலர்த்தினார்கள். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் 697-இல் 25, மூன்றரை சதவீதத்துக்கு மேல், கொட்டகைக் கூரைக்குள் காற்றானது. 25 கிலோ ஐ.பி.ஏ. முழுதும் ஆவியானால் 10 கனமீட்டருக்கு மேல். 2 சதவீத எல்லைக்கு நீர்த்துவிட 500 கனமீட்டர் காற்று வேண்டும். கொட்டகையின் அளவு பத்துக்கு எட்டுக்கு நான்கு மீட்டர்: 320. கிரைண்டர் பொறி வாய்க்காலில் பட்டது, கொட்டகையில் படவில்லை.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. வலுவான ஆல்கஹாலில் கழுவினால் நார் நொறுங்காமல், ஒட்டாமல் சீக்கிரம் காயும். ஆனால் நாரில் தங்கும் ஆல்கஹால் கூடும். நீர்த்த ஆல்கஹாலில் கழுவினால் இழப்பு குறையும், நார் கட்டியாக ஒட்டும். சரக்கில் கடைசியில் மிஞ்சும் ஆல்கஹால் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற பன்னாட்டு உணவுத் தர அளவும் இருக்கிறது. ஆகவே பிடிக்க வேண்டிய இடம் உலர்த்தல்.

வெற்றிட உலர்த்தி வாங்கலாம் என்று முடிவானபோதும் ஆவியழுத்தம் குறுக்கே வந்தது. வழக்கமாகச் சொல்லும் 100 மி.மீ. அழுத்தத்தில் ஐ.பி.ஏ. ஆவி நிறைந்த கலவையின் கொதிநிலை 37 டிகிரி. அந்த ஆவியை மறுபடி நீர்மமாக்க 37-க்குக் கீழே குளிர்விக்க வேண்டும். இந்தக் கரையில் தொட்டித் தண்ணீர் பகலில் 32. ஐந்து டிகிரி வித்தியாசத்தில் கண்டென்சர் எதையும் பிடிக்காது. ஆவி நேராக வெற்றிடப் பம்புக்குள் போய், பம்பின் எண்ணெயில் கரைந்து, மிச்சம் வெளியேறும். கொட்டகையில் போன ஆல்கஹால் இப்போது மின்சாரம் செலவழித்துப் போகும், அவ்வளவுதான். அழுத்தத்தை 200 மி.மீ.யில் வைத்தால் கொதிநிலை 50 டிகிரி. 18 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. உலர நேரம் சற்று கூடும். அல்லது குளிர்சாதனம் வைத்து 10 டிகிரித் தண்ணீர் ஓட்ட வேண்டும். முதல் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. கடைசி ஒரு மணி நேரம் மட்டும், நாரில் ஆல்கஹால் பெரும்பாலும் போனபின், அழுத்தத்தை இன்னும் இறக்குவது.

மாற்றிய வேலைமுறை

வடித்தல் இலக்கு எடைப்படி 85 என்று சுவரில் எழுதப்பட்டது. முதலில் வருவது 86-ஐ ஒட்டி இருக்கும். பிறகு மெல்லக் குறையும். ரிசீவரில் மொத்தக் கலவை 85-ஐத் தொடும் வரை ஒரே டிரம்மில் பிடிக்க வேண்டும். அதன்பின் வருவது 'வால்' டிரம்முக்கு. அடுத்த சுற்றின் கழிவு நீரோடு அது சேரும். ரீபிளக்ஸ் விகிதம் தொடக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று, பிற்பாதியில் கூட்டிக்கொள்ளலாம்.

எப்போது நிறுத்துவது என்பதைத் தலைமுள் சொல்லாது, பானைமுள் சொல்லும். பானையில் 27 சதவீதம் இருக்கும்போது 84 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 6 சதவீதத்துக்கு இறங்கினால் 92 அல்லது 93. அந்த நிலையிலும் எழும் ஆவியில் பாதிக்கு மேல் ஆல்கஹால்; நிறுத்திவிடக் கூடாது. 92-இல் 'தண்ணியாப் போச்சு' என்று வடித்துக் கொட்டியது பழைய பழக்கம். ஒவ்வொரு தடவையும் 30 கிலோ ஆல்கஹால் வாய்க்காலுக்குப் போயிருக்கும். பானை 99-ஐத் தொடும் வரை ஓட்ட வேண்டும்.

புதிதாக வாங்கும் 99 சதவீத ஆல்கஹாலைத் தொட்டியில் கலப்பது நிறுத்தப்பட்டது. இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான் புதிதாக வாங்குகிறோம். அந்த அளவு முழுவதும் கடைசிக் கழுவலுக்கு மட்டும். அதன் வடிநீர் முந்தைய கழுவலுக்கு, அதன் வடிநீர் திரிக்கும் தொட்டிக்கு. வடிகலம் தர முடியாத வலுவை வாங்கிய சரக்கு தருகிறது. தனியாக 98 தயாரிக்கும் தேவையே போயிற்று.

தொட்டிக்கு எஃகு மூடி, சாறு ஊற்ற மூடியில் குழாய், கலக்கியின் தண்டுக்குச் சீல். சாற்றை 60 டிகிரிக்கு மேல் ஊற்றக் கூடாது. முன்பு 80-இல் ஊற்றும்போது தொட்டி 'புகைந்தது' என்று சொன்னார்களே, அது புகையல்ல, சூடான சாறு பட்ட இடத்தில் எழுந்த ஆவி. அதேசமயம் 55-க்குக் கீழே விட்டால் சாறு குழாயிலேயே உறையும். ஐந்து டிகிரி இடைவெளிதான். குழாய்க்கு வெந்நீர் உறை போட வேண்டியிருந்தது.

கழுவிய நீர் வாய்க்காலுக்குப் போகாமல் மூடிய கலத்துக்கு. மின்விசிறியும் சுவிட்சும் தீப்பொறி வெளிவராத வகை. ஆவி வெளியேற்றும் துளைகள் கூரையில் அல்ல, தரையை ஒட்டி. டிரம், குழாய், கலன் எல்லாம் ஒரே நிலக்கம்பியில் இணைப்பு. கடற்காற்றில் இணைப்பின் திருகு துருப்பிடித்து மின்தொடர்பு அறும் என்பதால் மாதம் ஒருமுறை மீட்டரில் பார்க்க வேண்டும். கிரைண்டர், வெல்டிங் மதிலுக்கு வெளியே.

கலன் மேடையில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. அதில் ஐந்து கட்டம்: நேரம், பானைச் சூடு, தலைச் சூடு, அளந்த அடர்த்தி, அளந்தபோது இருந்த வெப்பநிலை. ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் நான்காவதைக் கணக்கில் எடுப்பதில்லை.